எழும்பூரில் இருந்த என் பாட்டிகள்

எல்லாம் ஒரு பட்டாவில் ஆரம்பித்தது.

நன்னிலம் பக்கம் என் தாய்மாமாவுக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு மா என்பது 100 குழி, அதாவது 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். பாட்டி காலத்திலிருந்து எங்கள் கையில் இருக்கும் அந்த வயலுக்குக் கணினிப் பட்டாவில் ஊர்க் கோயிலின் பெயர் ஏறியிருந்தது. மாமா பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, இருந்த காகிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வக்கீலிடம் போனார். மடிப்பில் கிழிந்து போன ஒரு பழைய ஆங்கிலப் படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வக்கீல் சொன்னாராம்: "டி.டி. நம்பர் இருக்கு. போதும். எழும்பூர்ல ஐ.எஃப்.ஆர். நகல் வாங்கிட்டு வாங்க."

மாமாவுக்கு முழங்கால் வலி. சென்னையில் இருப்பவள் நான், வங்கி வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். "நீ ஒரு எட்டு போய்ட்டு வந்துடேன்மா" என்றார். ஒரு எட்டு என்று போனவள்தான். அதற்குப் பிறகு எத்தனை முறை போனேன் என்று கணக்கு வைக்கவில்லை. இந்தப் பதிவு அந்த நாட்களைப் பற்றியது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முப்பது வருடமாக அதே சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. 1909-இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். அதற்கு முன்பு காகிதங்களெல்லாம் கோட்டையில் இருந்தன. ஒவ்வொரு துறையும் தன் பழைய கட்டுகளைத் தானே வைத்துக்கொண்டிருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கச் சொன்னவர் 1805-இல் கவர்னராக இருந்த வில்லியம் பெண்டிங்க். 1911-இல் ஹென்றி டாட்வெல் முதல் காப்பாளராக வந்தார். 'மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்' என்ற பெயர் 1973-இல் மாறியது. 1670 தொடங்கி இருக்கும் கோட்டைக் காகிதங்களும், டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள் விட்டுச் சென்ற கட்டுகளும் அங்கே இருக்கின்றன.

நான் போனது அவற்றுக்கெல்லாம் இல்லை. ஒரே ஒரு பக்கத்துக்கு.

ஐ.எஃப்.ஆர். என்றால் இனாம் ஃபேர் ரெஜிஸ்டர். நிலத்தகராறு, கோயில் சொத்து வழக்கு என்று அலைந்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்து நன்றாகத் தெரியும், மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை. அரசர்களும் நவாபுகளும் பாளையக்காரர்களும் கோயிலுக்கு, மடத்துக்கு, பிராமணர்களுக்கு, ஊர் ஊழியக்காரர்களுக்கு என்று வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட நிலங்கள்தான் இனாம். கும்பினி ஆட்சி வந்த பிறகு இது பெரிய தலைவலியாகிவிட்டது. யாருடைய இனாம் உண்மை, யாருடையது பொய், எதற்கு வரி போடலாம் என்று தெரியவில்லை. 1858-இல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். ஜி.என். டெய்லர் அதன் தலைவர். மாகாணம் முழுக்க ஊர் ஊராகப் போய், கர்ணத்தின் கணக்கைப் புரட்டி, அனுபவிப்பவரைக் கூப்பிட்டு விசாரித்து, ஒவ்வொரு இனாமுக்கும் ஒரு நீண்ட வரி எழுதினார்கள். உறுதி செய்தவற்றுக்கு டைட்டில் டீட், அதாவது டி.டி., கொடுத்தார்கள். எங்கள் தகரப் பெட்டியில் இருந்தது அதுதான்.

அந்த நீண்ட வரியில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? நிலத்தின் அளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன ஊழியத்துக்காகக் கொடுத்தது, யார் கொடுத்தது, சாசனம் உண்டா, முதலில் யார் பெயருக்குக் கொடுத்தார்கள், பழைய கணக்குகளில் யார் பெயர் இருந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு என்ன வயது, எந்த ஊரில் குடியிருக்கிறார், முன்னவருக்கு இவர் என்ன உறவு. கடைசியில் டெபுடி கலெக்டரின் அபிப்பிராயமும் கமிஷனரின் முடிவும். வரி போடுவதற்காக எழுதிய வரிதான். ஆனால் அதற்குள் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. 1919-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே இந்தப் பதிவேட்டுக்குச் சாட்சியமாகப் பெரிய மதிப்பு உண்டு என்று சொல்லிவிட்டதால், இன்றுவரை நீதிமன்றங்களில் அதற்குத் தனி மரியாதை.

முதல் நாள் விண்ணப்பம், அடையாள அட்டை, காரணம் எழுதிக் கொடுத்தது என்று போயிற்று. இரண்டாம் முறை போனபோதுதான் என் அறியாமை எனக்கே விளங்கியது. எங்கள் ஊர் இன்று திருவாரூர் மாவட்டம். 1997-இல் பிறந்த மாவட்டம் அது. அதற்கு முன் சில வருடம் நாகப்பட்டினம் மாவட்டம். 1860-களில் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. பழைய பதிவேட்டைக் கேட்க வேண்டுமானால் பழைய ஜில்லா, பழைய தாலுகா, பழைய ஊர்ப் பெயர் தெரிய வேண்டும். ஊர்ப் பெயரைத் துரைமார் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊர் 'திரு'வில் தொடங்கும். நான் 'திரு' என்றே தேடி, கிடைக்காமல், 'டிரி' என்று தொடங்கும் ஊர்களையெல்லாம் வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்து மேசையில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, "சத்தமா படிங்கம்மா, கண்ணுல தெரியாதது காதுல தெரியும்" என்றார். அதைவிட நல்ல யோசனை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கூடத்தில் வருகிறவர்களைப் பற்றியே தனியாக எழுதலாம். பி.எச்டி. பிள்ளைகள், வக்கீல் குமாஸ்தாக்கள், கோயில் தர்மகர்த்தா ஒருவர், தங்கள் ஏரியின் எல்லையைத் தேடி வந்த ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். ஒரு நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தமிழ் பேச வராது. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். 1860-இல் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது. 1911 வரை கப்பல்கள் போயின, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் தாளில் தாலுகா என்ற இடத்தில் நன்னிலம் என்று இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஊர்ப் பெயரை இருவரும் சேர்ந்து சத்தமாகப் படித்துப் பார்த்தோம். இரண்டு ஊர்கள் பொருந்தி வந்தன, எது என்று தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுக்கும் வழி எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. கடல் தாண்டிப் போன கூலிக்காரருக்கு வலது புருவத் தழும்பு வரை பதிவு இருக்கிறது. போகாமல் ஊரிலேயே பண்ணையில் உழைத்துச் செத்த அவர் அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே எழும்பூரில் ஒரு வரி கிடைப்பது அரிது. நிலம் இருந்தால் பெயர் உண்டு. நிலம் இல்லாதவர்களை மக்கள்தொகைக் கணக்கில் தேடலாமே என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்து வீட்டு வாரியான கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுக் கணக்கை 2022-இல் திறந்தார்கள், யார் வேண்டுமானாலும் தன் பாட்டன் வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாம். நம் ஊரில் தொகை மட்டும் அச்சில் நின்றது, ஆள் பெயர் எழுதிய சீட்டுகள் நிற்கவில்லை. எங்கள் ஊரின் கீழத்தெரு மக்கள் தங்கள் முப்பாட்டனைத் தேடி வந்தால் எந்தக் கட்டைக் கேட்பது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. மனுக்கள், போலீஸ் வழக்குகள், கப்பல் பட்டியல்கள் என்று பக்கவாட்டில் நுழைந்துதான் தேட வேண்டியிருக்கும்.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன்.

பதிவேடு வந்து மேசையில் உட்கார்ந்தபோது அதன் அகலத்தைப் பார்த்தே மலைத்துப் போனேன். விரித்தால் மேசை முழுக்க அதுதான். ஓரங்கள் பொடிந்திருந்தன. பெரிய எழுத்துக் குமாஸ்தாக்களின் கை, சாய்ந்து ஓடும் ஆங்கிலம், எண்கள் மட்டும் தெளிவு. டி.டி. நம்பரை வைத்து விரலை இறக்கிக்கொண்டே வந்தேன். ஊழியம் என்ற இடத்தில் எழுதியிருந்ததை முதலில் பார்த்தேன். கோயில் பெயர், அதன் பக்கத்தில் 'டான்ஸிங் கேர்ள்'.

எங்கள் குடும்பம் இசை வேளாளர் குடும்பம். தாத்தாவின் அண்ணன் தவில் வாசித்தவர். எனக்கு அது எப்போதும் பெருமையாகவே சொல்லப்பட்டது. பெண்கள் பக்கம் என்ன என்று கேட்டால் பேச்சு சமையலறைக்குப் போய்விடும். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் ஐம்பது வயது வரை வந்துவிட்டேன். அவ்வளவுதான். ஆனால் உள்ளே தெரிந்து வைத்திருப்பது வேறு, 160 வருடத்துக்கு முந்தைய மையில் பார்ப்பது வேறு.

பிறகு பெயர்களைப் பார்த்தேன். முதலில் பெற்றவர், ஒரு பெண். பழைய கணக்கில் இருந்தவர், ஒரு பெண். இப்போது அனுபவிப்பவர், ஒரு பெண், வயது 28. அவருடைய பெயர் என் பெரியம்மாவின் பெயர்.

இந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதத்தான் ஆசை. பெரியம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் பெரியம்மா பெயர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்கள் மாமா பத்து வருடத்துக்கு முன்பு ஒரு வம்சாவளிப் படம் போட்டார். கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேட் செய்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். மரம் மாதிரி கிளை கிளையாக இருக்கும். உச்சியில் ஒரு ஆண் பெயர், அதற்குக் கீழே ஆண்கள். பெண்கள் எல்லாம் அடைப்புக்குள் மனைவியாக வருவார்கள். உச்சியில் இருக்கும் ஆண், கொள்ளுப்பாட்டியின் தம்பி. அவருக்கு மேலே எதுவும் இல்லை, வெறும் காகிதம்தான். அந்த வெற்றிடத்துக்கு நேராக எழும்பூரில் ஒரு பதிவேடு விரிந்திருந்தது. அதில் பெண்கள் அடைப்புக்குள் இல்லை. நிலமே அவர்கள் பெயரில்தான். மகளுக்குத் தாய் பெயரை வைத்துத்தான் உறவு எழுதியிருந்தது, தகப்பன் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பதிவேட்டில் மற்ற பக்கங்களைப் புரட்டினால் ஆண் பெயர் மேல் ஆண் பெயராகப் போகும், எங்கள் வரியும் அதைப் போன்ற சில வரிகளும் தவிர.

பெயர் எப்படி ஒன்றாக வந்தது என்று உங்களில் பலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. பெயரைச் சுமப்பவர் என்று சொல்லிலேயே இருக்கிறது. பெரியம்மாவுக்கு அவர் பாட்டியின் பெயர், அதாவது என் கொள்ளுப்பாட்டியின் பெயர். கொள்ளுப்பாட்டிக்கு அவர் பாட்டியின் பெயர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை. 28 வயதுப் பெண், கொள்ளுப்பாட்டியின் பாட்டியாக இருக்க வேண்டும். நடுவில் இருந்த ஒருத்தியின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அது தகரப் பெட்டியில் இருந்தது. கொள்ளுப்பாட்டி எழுதிக் கொடுத்த ஒரு பழைய அடமானப் பத்திரத்தில், "இன்னார் குமாரத்தி இன்னார்" என்று. நாங்கள் எல்லோரும் அதை எத்தனையோ தடவை தொட்டிருக்கிறோம், படித்ததில்லை. குடும்ப வரலாறு தேடக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: எழும்பூருக்கு வருவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். பத்திரம், ரசீது, பழைய பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டிய பெயர்கூட.

வயதிலிருந்து பிறந்த வருடத்தைக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் பசலியின் அருமை தெரிந்தது. வருவாய்த் துறைக் கணக்கெல்லாம் பசலி ஆண்டில் ஓடும். ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1240 என்றால் 1830 ஜூலையிலிருந்து 1831 ஜூன் வரை. வீட்டுப் பெரியவர்கள் வாயில் வருவது அறுபது வருடச் சுற்று. "தாது வருஷத்துப் பஞ்சத்துல" என்று யாராவது சொன்னால் அது 1876. அதே தாது 1936-லும் 1996-லும் வந்திருக்கிறது என்பதால் எந்தச் சுற்று என்று ஆளின் வயதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இந்த மூன்று காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு தாளை என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நிலத்தைக் கொடுத்தவர் யார் என்ற இடத்தில் தஞ்சை ராஜாக்கள் என்று பொதுவாக இருந்தது. சாசனம் இல்லை. மராட்டியர் காலத்துக் கணக்குகள் மோடி எழுத்தில் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. அதில் எங்கள் ஊர் இல்லை. மோடி படிக்கத் தெரிந்தவர் ஒருவரோடு ஒரு நாள் போக வேண்டும்.

இப்போது உறவு எழுதியிருந்த இடத்தைச் சொல்கிறேன். 28 வயதுப் பெண்ணுக்கும் அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் என்ன உறவு என்ற இடத்தில் 'சுவீகார புத்திரி' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தது. பெற்ற மகள் இல்லை, எடுத்து வளர்த்த மகள்.

கொஞ்ச நேரம் ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு தூரம் ஏறிப் போய் நூல் அறுந்து போன மாதிரி. தாசி குலத்தில் பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பது வழக்கத்தில் இருந்தது. ஊழியத்துக்கும் நிலத்துக்கும் வாரிசு மகள்தான் என்பதால் மகள் இல்லாதவர் ஒரு மகளை எடுத்துக்கொள்வார். அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தை? பஞ்சத்தில் விட்டுப் போன குழந்தையா, உறவில் வந்த குழந்தையா? பதிவேடு பேசவில்லை. ஆனால் இன்னொரு முறை வரியின் தொடக்கத்துக்குப் போய் முதலில் நிலம் பெற்றவரின் பெயரைப் பார்த்தேன். அதுவும் பெரியம்மாவின் பெயர்தான். அப்படியானால் எடுத்து வளர்த்த பெண்ணுக்கு அந்தத் தாய் தன் தாயின் பெயரை வைத்திருக்கிறார். ரத்தத்தில் இல்லாத குழந்தையைப் பெயரில் பேத்தியாக்கியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு அதற்கு முன்பு வேறு பெயர் இருந்திருக்கலாம். அது எங்கேயும் இல்லை. ஆனால் அவரிடமிருந்து வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நான் தேடிக்கொண்டு வந்தது ரத்தத்தை என்றால் அது அங்கேயே நின்றுவிட்டது. மேலே ஏறிப் போனது பெயரும் மூன்று மா நிலமும், அந்த நிலத்துக்காகச் செய்த ஆட்டமும் பாட்டும்தான். அன்று மாலை எழும்பூரிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

நகலுக்கு எழுதிக் கொடுத்து, அது கையில் வந்ததும் ஊருக்குப் போனேன். பெரியம்மாவுக்கு வயது 84. திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தை எடுத்தேன். பேச்சை மாற்றுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

"என் பேரா? நல்லாப் பாத்தியாடீ?"

"பாத்தேன் பெரியம்மா. ரெண்டு எடத்துல இருக்கு."

"படி."

ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். வயதைச் சொன்னபோது நிறுத்தினார். "இருவத்தெட்டா? சின்னப் பொண்ணு." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க பாட்டி சொல்லும், நாம வந்தேறிங்கடீன்னு. எந்த ஊர்லேந்து வந்தோம்னு கேட்டா வாயத் தொறக்காது. இதுதான் போலிருக்கு."

பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் பாட்டி, அதாவது என் கொள்ளுப்பாட்டி, கோயிலில் கும்ப ஆரத்தி எடுத்தது, அர்த்தசாமத்தில் பாடியது. சட்டம் வந்த பிறகு ஒரு நாள் கலெக்டர் ஆபீஸ் காகிதம் வந்தது, இனிமேல் ஊழியம் செய்ய வேண்டாம், நிலம் உங்களுக்கே என்று. பாட்டி சந்தோஷப்பட்டாரா என்று கேட்டேன். "சந்தோஷந்தான். அழவும் அழுதுதாம். ரெண்டும்தான்" என்றார். என் பாட்டியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், பொட்டுக் கட்டவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி ஆடிய காலத்தைப் பற்றி வாயைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் நிலம் மகன்கள் பெயருக்குப் போயிற்று.

அந்தச் சட்டத்தைத் தேடி மறுபடியும் எழும்பூருக்குத்தான் வந்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் 1927-இல் தீர்மானம் கொண்டு வந்தார். 1929-இல் நிறைவேறிய சட்டம், தாசிகள் கையில் இருந்த இனாம் நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. பொட்டுக் கட்டுவதையே முழுவதும் தடுத்த சட்டம் 1947-இல்தான் வந்தது. எனக்குப் புதிதாக இருந்தது, அந்த நேரத்தில் தாசிகளே திரண்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள் என்பது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முன்னால் நின்றவர். தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அவர்கள் கேட்டது. இன்னொரு பக்கம், அதே குலத்தில் வளர்ந்து அந்த வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போன மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். நான் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கம்தான். அவர் இல்லையென்றால் என் பாட்டி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க மாட்டார், நான் வங்கியில் கணக்கு எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் மனு போட்ட பெண்களை இப்போது என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஊழியம் போனால் கையில் இருக்கும் நிலம் யாருக்குப் போகும் என்ற பயத்துக்கு என் பெட்டியிலேயே சாட்சி இருக்கிறது.

கொள்ளுப்பாட்டியின் நிலத்தை விடுவித்த உத்தரவின் கோப்பு கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு அரசுக் கோப்பின் ஆயுளை அதன் மேல் எழுதும் ஓரிரண்டு எழுத்து தீர்மானிக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. எல்.டிஸ். என்று முடித்தால் ஒரு வருடம், கே.டிஸ். என்றால் மூன்று வருடம், டி.டிஸ். என்றால் பத்து வருடம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். தன் மேசையில் இருந்த கட்டுக்கு அன்று ஒரு குமாஸ்தா எந்த எழுத்தைப் போட்டாரோ, அதைப் பொறுத்துத்தான் நமக்குப் பாட்டி கிடைக்கிறார்.

சுவீகாரத்துக்குப் பத்திரம் பதிந்திருப்பார்களா என்று சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டேன். அவ்வளவு பழைய காலத்துக்கு வாய்ப்பில்லை. பின்னால் வந்தவர்களுக்கு இருக்கலாம். அங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நிலப் பரிவர்த்தனைகள் இருக்கும் முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில் இருக்கும் மூன்றாம் புத்தகமும் இதர பத்திரங்கள் இருக்கும் நான்காம் புத்தகமும் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான். உங்கள் உறவை நிரூபிக்கும் காகிதத்தோடு போகவில்லையென்றால் திரும்பி வர வேண்டியதுதான்.

போன மாதம் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனேன். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த கோயில். இந்த முறை கல்வெட்டுக்காகப் போனேன். ராஜராஜன் தன் 29-ஆவது ஆட்சியாண்டில், 1014 வாக்கில், சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டு வந்து குடியமர்த்தினான். 400 பேரின் பெயரும், எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும், ஒவ்வொருவருக்கும் பங்கு 100 கலம் நெல் என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. நக்கன், நக்கன் என்று ஒவ்வொரு பெயரின் முன்னாலும் வரும். முன்பெல்லாம் அந்தச் சுவரைக் கடந்து போய்ச் சிற்பத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பு என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒருத்தி வந்த ஊர் எது, வீடு எது என்று இவ்வளவு கவனமாக எழுதி வைத்தவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்திருக்கிறார்கள்.

மாமாவின் பட்டா வழக்கு இன்னும் நடக்கிறது. நகலை வக்கீல் தாக்கல் செய்துவிட்டார். மாமாவிடம் வம்சாவளிப் படத்தைத் திருத்திப் போடச் சொன்னேன். முதலில் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, "மேல எடம் இருக்கான்னு பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன்.

பெரியம்மாவிடம் தினமும் இரவு போன் பேசுவேன். எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு எப்போதும் தாமதம். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அம்மா வீட்டுப் பழக்கம் என்று விட்டுவிட்டோம். நேற்று போன் செய்தபோது மணி எட்டே முக்கால். "சாப்ட்டாச்சா பெரியம்மா?" என்றேன்.

"இல்லடீ. அர்த்தசாம மணி இன்னும் அடிக்கல."